நகர்ந்த எல்லைக்கல்லும் என் வலது தோளும்

எல்லைக்கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் குற்றம். தன் நிலத்துக் கற்களைப் பாதுகாப்பது நில உரிமையாளரின் கடமை. கிராம நிர்வாக அலுவலர் ஆண்டுதோறும் அந்தக் கற்களை நேரில் பார்வையிட வேண்டும். கல் காணாமல் போயிருந்தால் உரிமையாளர் மனுக் கொடுப்பார். நில அளவர் இரு தரப்புக்கும் அறிவிப்பு அனுப்பி, நில வரைபடமான புலப்படத்தோடு வந்து அளந்து, கல்லை அதன் இடத்தில் நட்டுவிட்டுப் போவார். இதுதான் விதி. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். இந்த விதியைப் பிறருக்கு எத்தனையோ முறை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அதன்படி எல்லாம் நடந்திருந்தால் என் வலது கை பின்னந்தலைக்கு எட்டியிருக்கும். என் கொண்டையை நானே போட்டுக்கொண்டிருப்பேன்.

நானும் கணவரும் செங்கல்பட்டில் இருக்கிறோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணுபுரம் போகிற வழியில், கடற்கரைச் சாலையிலிருந்து சற்று உள்ளே எங்களுக்கு ஒரு துண்டு மணல் நிலம் உண்டு. சவுக்கு வெட்டிய அடிக்கட்டைகளும் வெயிலும் தவிர அதில் ஒன்றும் கிடையாது என்றுதான் பல வருடம் நினைத்திருந்தோம். வீடு கட்டலாம் என்று ஒரு யோசனை வந்தபோது முதலில் ஆழ்துளைக் குழாய் இறக்கினோம். சுற்றுவட்டாரத்தில் எங்கே தோண்டினாலும் உப்பாக வருகிற பூமியில், எங்கள் குழாயில் மட்டும் நல்ல தண்ணீர். குடித்துப் பார்த்த கணவர் இன்னொரு தம்ளர் கேட்டார். மோட்டாரை வீடு கட்டும்போது மாட்டிக்கொள்ளலாம் என்று குழாய்க்கு மூடி போட்டு இறுக்கிவிட்டு வந்தோம்.

மேற்குப் பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர் லாரி ஓட்டித் தொழில் செய்பவர். இதற்கு மேல் அவரைப் பற்றி அறிமுகம் தேவையில்லை.

கணவருக்கு முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்ததால் வெகு காலம் அந்தப் பக்கம் போக முடியவில்லை. மறுபடி போன அன்று, மேற்கு எல்லையில் இருந்த இரண்டு கற்களுக்கும் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பரவாயில்லையே, எல்லையை மதிக்கிற மனிதர் என்று நினைத்துக்கொண்டே நடந்தவள், குழாயைப் பார்த்ததும் நின்றேன். குழாய் இருந்த இடத்தில்தான் இருந்தது. கற்கள்தான் அதற்குக் கிழக்கே வந்திருந்தன. எங்கள் தண்ணீர் இப்போது அவர் நிலத்தில்.

அவர் தன் தகரக் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மேடம், ஆளயே காணோம்? அண்ணாத்தைக்கு முட்டி ஆப்ரேசனாமே, நடக்கறாரா?"

"கல் நகர்ந்திருக்கு," என்றேன்.

"கல்லுக்கு இன்னா கால் கீதா மேடம், நடந்து வர்றதுக்கு? அது அங்கியேதான் கீது. நீங்கதான் போர எங்க நெலத்துல எறக்கிட்டீங்கோ. தெரியாம பண்ணதுதான, உடுங்க. நான் ஒண்ணும் கேஸு கீஸு போட மாட்டேன்."

என்னை மன்னித்துவிட்டார். என் கல்லைப் பிடுங்கியதைக்கூட ஒருவேளை தாங்கியிருப்பேன். அந்த மன்னிப்பைத் தாங்க முடியவில்லை. காரில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன்: இந்த மனிதர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, என் வாசலில் வந்து நிற்க வேண்டும். பெருந்தன்மை எனக்கு என்றுமே வந்ததில்லை. அலுவலகத்திலும் யாரும் அதை என்னிடம் எதிர்பார்த்ததில்லை.

மனுக் கொடுத்தேன். ஒப்புகை வாங்கினேன். நினைவூட்டு அனுப்பினேன். பதில் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், அதற்கும் இல்லை. நேரில் போனபோது என் பழைய நாற்காலிக்கு எதிர் நாற்காலியில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். "உங்களுக்குத் தெரியாததா மேடம், அளவர் பத்தல," என்றார்கள். எனக்குத் தெரியாததில்லை. ஒரு மனு ஆள் இல்லாமல் தூங்குகிறதா, யாரோ தட்டிக்கொடுத்துத் தூங்குகிறதா என்பது அதன் மேலிருக்கும் மற்ற மனுக்களைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். என்னுடையதைத் தாலாட்டித் தூங்க வைத்திருந்தார்கள்.

அளவர் வந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் இரண்டு கற்களையும் ஒரே அளவுக்கு நகர்த்தியிருந்தார். அவசரத்தில் வருகிற அளவர் அந்தக் கற்களையே நம்பிச் சங்கிலியைப் போட்டுவிட்டுப் போகலாம். பழைய கல் எங்கே இருந்தது என்று நான் விரலால் காட்ட வேண்டும். மணலில் குழியின் தடம் நிற்காது.

நில அளவையில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கல் நடும் குழியில், அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத ஏதாவது ஒன்றை முதலில் போடுவார்கள்: கரித்துண்டு, ஓட்டுச் சில்லு. மேலே இருக்கும் கல்லைத் திருடுகிறவன் அடியில் இருக்கும் கரியைத் திருட மாட்டான் என்பது கணக்கு. நிலம் வாங்கிக் கல் நட்ட அன்று வடக்குக் கல்லின் குழியில் நான் ஒரு கிலோ எடைக்கல்லைப் போட்டேன். முத்திரை போடும் இடத்தில் தேறாமல் கழிக்கப்பட்ட இரும்பு எடைக்கல். நானே புதைத்ததை நானே எடுத்துக் காட்டினால் அதைச் சாட்சியம் என்று நானே ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் அது கிடைத்தால், அளவரை எங்கே தேடச் சொல்வது என்பதாவது எனக்குத் தெரியும். அதனால் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினேன்.

பூமிக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. மாமல்லபுரத்தில் பத்து ரூபாய்க்கு டீகூடக் கிடைக்காது. இருந்தாலும் கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டேன். எதிராளிக்கு ஒரு ஓட்டைகூட விட்டுவைக்கக் கூடாது.

பெட்டியைத் திறந்தபோது கருவி லேசாகத்தான் இருந்தது. ஒரு நீளத் தண்டு, நுனியில் தரையைத் தடவுகிற வட்டத் தட்டு, மேலே முன்கையைத் தாங்கும் கிண்ணம், ஒரு கைப்பிடி. சந்தையிலிருந்து தூக்கி வருகிற காய்கறிப் பை இதைவிடக் கனம். ஆனால் காய்கறிப் பை கைக்கு நேர் கீழே தொங்குகிறது. இந்தத் தட்டோ கையிலிருந்து அவ்வளவு தள்ளி முன்னால் தொங்குகிறது. நுனியில் இருக்கிற கனத்தைத் தோள்தான் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது முதல் நாள் முடிவில்தான் புரிந்தது.

தவறுகளை எல்லாம் ஒழுங்காகச் செய்தேன். கருவியோடு வந்த இரண்டு தட்டுகளில் பெரியதை மாட்டினேன். சீக்கிரம் முடியும் என்ற ஆசை. விளக்கப் படங்களில் ஆறடி ஆட்கள் செய்வதைப் பார்த்துத் தண்டை முழுக்க நீட்டினேன். கையை நீட்டிக்கொண்டு, கோடையில் முற்றம் பெருக்குகிறவளைப்போல அகல அகல வீசினேன். ஒவ்வொரு வீச்சின் கடைசியிலும் தட்டைத் தூக்கினேன். மற்றவர்கள் இரும்பின் ஓசையை அணைத்து வைத்துவிட்டுத் தங்கமும் செம்பும் தேடுவார்கள். எனக்கு வேண்டியதே இரும்பு. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து குடித்தவர்கள் விட்டுப்போன ஒவ்வொரு பாட்டில் மூடியும், ஒவ்வொரு துருப்பிடித்த ஆணியும் என்னைக் கூப்பிட்டது. கூப்பிட்ட இடத்தில் எல்லாம் குனிந்து தோண்டினேன்.

கணவர் குடைக்குக் கீழே மடக்கு நாற்காலியில் பிளாஸ்கோடு உட்கார்ந்திருப்பார். "இன்னாடி கெடச்சுது?" என்பார்.

"மூடி."

"எந்தப் பிராண்டு?"

பக்கத்து நிலத்துக்காரர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து வேடிக்கை பார்ப்பார். "மேடம் புதையல் தேடிகினு கீறாங்கோ போல. கெடச்சா நமக்கும் ஒரு பங்கு குடுங்க மேடம், பக்கத்து நெலம்தான?" கூட இருக்கிற கிளீனரைப் பார்த்துச் சிரிப்பார். நான் வீசுகிற வேகம் கூடும். இரவு தோள் சுடும். காலையில் ரவிக்கையின் கை உள்ளே நுழையாது. சீப்பைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் போட்ட கொண்டை மதியத்துக்குள் அவிழ்ந்தது. அதையும் பக்கத்து நிலத்துக்காரர் கணக்கில்தான் எழுதினேன்.

கடைசியில் செங்கல்பட்டில் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். சின்னப் பெண். என் கையைப் பின்னால் மடக்கிப் பார்த்தாள். நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கையால இன்னாம்மா வேல செய்றீங்கோ?"

"ரிடையர் ஆயிட்டேன்."

"அது சீட்டுலயே கீது. கையால இன்னா பண்றீங்கோன்னு கேட்டேன்."

"பக்கத்து நிலத்துக்காரரோட ஒரு தகராறு."

"அடிச்சிட்டீங்களா?" அவள் குரலில் உண்மையான ஆர்வம் இருந்தது.

"இன்னும் இல்ல."

மறுமுறை கருவியையே எடுத்து வரச் சொன்னாள். நிலையத்தின் நடையில் செய்து காட்டினேன். கழுத்துப் பட்டை போட்டவர்களும் இடுப்புப் பெல்ட் போட்டவர்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

"ஏம்மா, இத்த இன்னாத்துக்கு கயுத்த நெரிக்கிற மாரி புடிச்சிகினு கீறீங்கோ? உடுங்க. ரெண்டு வெரலு போதும். கட்ட வெரலும் ஆள்காட்டி வெரலும்."

உண்மைதான். நான் கைப்பிடியைப் பிடிக்கவில்லை. பக்கத்து நிலத்துக்காரரின் கழுத்தைப் பிடித்திருந்தேன். பிடி இறுகினால் முன்கை இறுகுகிறது, முன்கை இறுகினால் தோள் காதுவரை ஏறிக்கொள்கிறது, ஏறிய தோள் கையோடு சேர்ந்து ஆடாது, மூட்டு மட்டும் தேய்கிறது. அவள் இதை என் தோளில் விரல் வைத்துக் காட்டினாள். கொஞ்ச நாள் ஓய்வு என்றாள். எவ்வளவு என்றேன். வலி இறங்கும்வரை என்றாள். கால வரையறை இல்லாத உத்தரவை நான் என்றுமே ஏற்றுக்கொண்டதில்லை. கடைசியில் இருவரும் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: வெயில் ஏறும் முன் கொஞ்ச நேரம் மட்டும், வலி தொடங்கினால் அங்கேயே நிறுத்துவது, காலையில் சுவரில் விரல்களால் ஏணி ஏறுவது, மாலையில் உப்பு ஒத்தடம்.

பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்தக் கருவியை ஒரு கோப்பைப் படிப்பதுபோலப் படித்தேன். பெரிய தட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, உள்ளங்கை அகலம் இருந்த சிறிய தட்டை மாட்டினேன். கனம் பாதியாகிவிட்டதுபோல் இருந்தது. தண்டைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நிமிர்ந்து நின்றால் தட்டு என் கால் விரல்களுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும், முழங்கை விலாவை ஒட்டியிருக்க வேண்டும். முன்கைக் கிண்ணத்தைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி முழங்கைக்குப் பக்கத்தில் வைத்ததும், தண்டின் பாரம் மணிக்கட்டை விட்டுப் போயிற்று. வார்ப்பட்டையை இறுக்கினால் விரல்களால் பிடிக்க வேண்டிய தேவையே குறைகிறது. இதையெல்லாம் கருவியோடு வந்த கையேட்டில் எழுதியிருந்தார்கள். முதல் நாளே படித்திருக்கலாம். விதிகளைப் படிக்காமல் வருகிறவர்களை முப்பது வருடம் திருப்பி அனுப்பியவள் செய்த காரியம்.

அதோடும் விடவில்லை. கணவரின் பழைய அலுவலகப் பையிலிருந்து தோள்வாரை வெட்டி எடுத்தேன். சைக்கிள் கடையில் ஒரு ட்யூப் துண்டு வாங்கினேன். வாரை இடது தோளில் குறுக்காகப் போட்டு, அதன் முனையில் ட்யூபைக் கட்டி, ட்யூபில் தண்டைத் தொங்கவிட்டேன். ரப்பர் இழுபட்டுப் பாரத்தைத் தாங்கிக்கொண்டது. கை தட்டைத் தூக்க வேண்டாம், வழி காட்டினால் போதும்.

"இன்னாடி, ஐஸ் பெட்டி மாட்டிகினு கெளம்பிட்ட?" என்றார் கணவர். "சேமியா ஐஸா, பால் ஐஸா?"

நிலத்தில் கயிறு கட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்துக்கொண்டேன். ஒரு பாத்திக்குள் நின்று இடுப்பைத் திருப்பினால் தட்டு தானே இடமும் வலமும் போகிறது. தோள் சும்மா இருக்கிறது. ஒரு பாத்தி வலது கை, அடுத்த பாத்தி இடது கை. இடது கை முதலில் கையெழுத்துத் தெரியாதவனைப்போலத் தடுமாறியது. ஒரு வாரத்தில் பழகியது. தோண்டுவதற்குத்தான் உண்மையில் தோள் அதிகம் செலவாகிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நின்றபடி குனிந்து மண்ணைத் தூக்கி வீசுவதை விட்டேன். சாக்கை விரித்து மண்டியிட்டு, களைக்கொட்டால் மணலை என் பக்கமாக இழுத்தேன். இழுப்பதற்கு முதுகு உதவும். தூக்குவதற்குத் தோளைத் தவிர யாரும் வருவதில்லை.

இப்படிச் சொல்லும்போது சாந்தமாகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபம் அப்படியே இருந்தது. அதைத் தோளில் வைத்திருந்தவள் வேறு இடத்துக்கு மாற்றினேன், அவ்வளவுதான்.

மார்கழியில் ஒரு நாள் காலை நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, நகர்ந்த கல்லுக்குப் பக்கத்தில் கருங்கல் தூண்கள் அடுக்கியிருந்தன. கம்பிச் சுருள்கள் கிடந்தன. ஒரு மேஸ்திரி கடப்பாரையால் குழி போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் லாரிக்காரர் வேலி போடுகிறார். வேலி விழுந்துவிட்டால் குழாய் கம்பிக்கு உள்ளே. நாளைக்கே மோட்டார் மாட்டுவார். அந்தத் தண்ணீரை லாரி லாரியாக உறிஞ்சினால் ஒரு கோடையில் கடல் உள்ளே வந்துவிடும். பிறகு தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்து என்ன பயன், உப்புத் தண்ணீர் குழாய்க்கா?

வேலி போட ஆட்சேபம் தெரிவித்தேன்.

"எங்க நெலத்துல நாங்க வேலி போட்டுகினு கீறோம். உங்களுக்கு இன்னா மேடம் பேஜாரு? நீங்க பாட்டுக்கு உங்க ஐஸ் பெட்டிய ஆட்டிகினு இருங்க." ஐஸ் பெட்டி வரை யார் போய்ச் சொன்னது என்று கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

வாரை மாட்டிக்கொண்டேன். வடக்கு ஓரத்தில் மீதி இருந்த பாத்திகளில் இறங்கினேன். கையில் அவசரம் ஏறுவது தெரிந்தது. நின்று, தோளைக் காதிலிருந்து கீழே இறக்கி, விரல்களைத் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்கினேன். இடது கைப் பாத்தி. ஆணி. மூடி. அடுத்தது வலது கைப் பாத்தி, குழாய்க்கும் மேற்கே, பழைய எல்லை அங்கேதான் இருந்திருக்க வேண்டும் என்று நான் சத்தியம் செய்யத் தயாராக இருந்த இடம். அங்கே தட்டு கத்தியது. இரும்பின் உறுமல் இல்லை. மெல்லிய, உயர்ந்த, ஒரே சீரான சத்தம். எடைக்கல்லின் குரல் இது இல்லை என்று தெரிந்தும் சாக்கை விரித்து மண்டியிட்டேன். களைக்கொட்டை ஒரு இழுப்பு இழுத்தேன்.

"ஐயோ மேடம்! அங்க நோண்டாதீங்கோ!"

அவர் ஓடி வந்தார். அவ்வளவு பருமனான மனிதர் மணலில் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்ததே இல்லை. ஒரு செருப்பு பின்னால் கிடந்தது.

"தகடு கீது மேடம் அங்க! பூஜ போட்டுப் பொதச்சது! தொடாதீங்கோ, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்!"

"என்ன தகடு?"

"ஈசானிய மூலத் தகடு மேடம். வாஸ்துக்காரு வச்சது."

களைக்கொட்டைக் கீழே வைத்தேன். "யாரோட ஈசானிய மூலை?"

"என்னுதுதான். வேற யாருது?"

சொல்லிவிட்டு நின்றார். கடப்பாரைச் சத்தமும் நின்றது. மேஸ்திரி இங்கே பார்த்தார், சுண்ணாம்பு அடித்த கல்லைப் பார்த்தார், மறுபடி இங்கே பார்த்தார்.

"அண்ணாத்த, உன் ஈசானிய மூல இங்க கீதுன்னா, கல்லு ஏன் அம்மாந்தூரம் கெயக்கால போயி நிக்குது?"

என் கணவர் நாற்காலியிலிருந்து, "நல்லா கேட்ட நைனா," என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் தண்ணீர் மேல் கண் விழுவதற்கு முன்பே அவர் அந்த நிலத்தில் வாஸ்து பார்த்திருக்கிறார். வடகிழக்கு மூலையில் செப்புத் தகட்டுக்குப் பூசை செய்து புதைத்திருக்கிறார்கள். தகட்டின் பலன் அது இருக்கிற மண்ணுக்குப் போகும். அடுத்தவன் மண்ணில் ஒரு விரற்கடை தள்ளி வைத்தாலும் பலன் அடுத்தவனுக்கு. அதனால் அன்றைக்கு எல்லைக்கல்லிலிருந்து நேர்மையாக அளந்து, தன் மண்ணுக்குள் சரியான மூலையில் வைத்திருக்கிறார். பிறகு கல்லைப் பிடுங்கும் ஆசை வந்தபோது தகட்டைப் பிடுங்கும் தைரியம் வரவில்லை. புதைத்த தகட்டை அசைத்தால் குடும்பத்துக்கு ஆகாது. அரசாங்கத்தின் கல்லை அசைத்தால் ஒன்றும் ஆகாது என்பது அவருக்கு அனுபவத்தில் தெரியும்.

நான் தோண்டவில்லை. கிளறிய மணலைத் திருப்பித் தள்ளி மூடினேன். தகடு அவருடையது, அது இருக்கிற மண்ணும் அவருடையது. அத்துமீறி நுழைந்தாள் என்ற ஒரு வரியை நான் அவருக்குப் பரிசாகக் கொடுக்கப் போவதில்லை. நாலு பக்கமும் சவுக்குக் குச்சி நட்டுக் கணவரைப் படம் எடுக்கச் சொன்னேன். படத்தில் தண்ணீர் லாரிக்காரர் ஒற்றைச் செருப்போடு நிற்கிறார். மேஸ்திரி கடப்பாரையைத் தோளில் வைத்துக்கொண்டு, "பிரச்சன தீந்தா சொல்லி அனுப்பு அண்ணாத்த," என்று போய்விட்டார்.

அன்று மாலையே தண்ணீர் லாரிக்காரர் செங்கல்பட்டில் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் பழப்பை. மேடம் போய் யக்கா வந்துவிட்டது.

"யக்கா, ஏதோ ஆளுங்க தெரியாம கல்ல மாத்தி நட்டுட்டானுங்கோ. நாளிக்கே பழைய எடத்துல நட்டுடறேன். நீ அந்த மனுவ வாபஸ் வாங்கிக்கோ யக்கா."

"கல்லை நீங்க தொட்டா குற்றம். அளவர் வந்துதான் நடணும். மனு நிலுவையில இருக்கு."

"நமக்குள்ள இன்னாத்துக்கு யக்கா அளவரு?"

"நமக்குள்ளதான் வேணும்."

"தையில வூட்டுக்கு கடக்கால் போடணும் யக்கா. பையன் கண்ணாலம் வருது. மூல தீராத நெலத்துல கால் வெக்க மாட்டேங்கறான் வாஸ்துக்காரன்."

அப்படியா என்றேன். நான் அவரை உள்ளே கூப்பிடவில்லை. பழப்பையையும் வாங்கவில்லை, மனு நிலுவையில் இருக்கும்போது எதிர்த் தரப்பிடம் பொருள் வாங்கக் கூடாது. வாபஸ் வாங்கும் நடைமுறையை அவருக்கு முழுதாக, நிதானமாக விளக்கினேன். பிறகு, நான் வாங்க மாட்டேன் என்றும் சொன்னேன்.

"பாவம்டி," என்றார் கணவர், கதவைச் சாத்திய பிறகு.

"என் தோளைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நடந்ததை நான் ரசித்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. என் மனுவைத் தூங்க வைத்தவர், அதை எழுப்ப அலைந்தார். எந்த மேசையில் தட்டிக்கொடுத்தாரோ அந்த மேசை முன்னாலேயே போய் நின்றார். அளவர் லீவு என்றார்கள். தேர்தல் வேலை என்றார்கள். புலப்படத்தின் நகல் வரவில்லை என்றார்கள். ஒவ்வொரு முறையும் திரும்பும் வழியில் எனக்கு போன் செய்து புலம்புவார்: "இன்னா யக்கா ஆபீசு இது? ஒரு மனுசன எவ்ளோ நாள்தான் நடக்க உடுவானுங்கோ?" நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, சுவரில் விரல்களால் ஏணி ஏறிக்கொண்டே கேட்பேன். "நினைவூட்டு ஒண்ணு கொடுத்துப் பாருங்க," என்பேன். தை பிறந்தது. கடைக்கால் போடவில்லை. கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போயிற்று என்றார். எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். அன்று விரல்கள் சுவரில் முந்தைய நாளைவிட ஒரு சாண் மேலே போயின.

ஒருவழியாக அளவர் வந்தார். அறிவிப்பு, புலப்படம், நாடா எல்லாம் விதிப்படி. நாடாவின் ஒரு முனையைத் தண்ணீர் லாரிக்காரரே பிடித்துக்கொண்டார். சரியாகப் பிடிக்கிறாரா என்று நான் பார்த்துக்கொண்டேன். சுற்றிலும் நகராமல் இருந்த எந்தப் பழைய கல்லிலிருந்து அளந்தாலும் கோடு அந்தத் தகட்டுக்கு ஒட்டினாற்போலக் கிழக்கேதான் விழுந்தது. குழாய் எங்கள் பக்கம். அங்கே குழி தோண்டிக் கல்லை நட்டார்கள். என் எடைக்கல் அந்தக் குழியில் இல்லை. கல்லைப் பிடுங்கியவர்கள் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அதை நான் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது அது ஒன்றைத்தான்.

அவர் குழாயின் மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல தண்ணி யக்கா," என்றார்.

"தெரியும்," என்றேன். "வணிகத்துக்கு எடுக்கணும்னா அனுமதி வேணும். உங்க பக்கம் உப்புத்தான்னாலும், உங்க லாரிக்கு அனுமதி இருக்கான்னு கேட்டு ஒரு மனு போட்டிருக்கேன்."

எழுத்து மூலமான பதில் மட்டும் வரவில்லை. அளந்தாயிற்று, கல் நட்டாயிற்று, இனி எதற்குக் காகிதம் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். கேட்டவருக்கு நான் விதியைச் சொன்னேன். மோட்டார் மாட்டும் ஆளை நிறுத்தி வைத்திருந்தேன். காகிதம் கைக்கு வராமல் அந்தத் தண்ணீரில் ஒரு தம்ளர்கூட எடுப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தேன். கடைசியில் பதிவுத் தபால் வந்தது. கடலில் நீராடப் போகிற கூட்டத்தோடு வண்டிகள் காலையிலிருந்தே கிழக்கே போய்க்கொண்டிருந்தன. தபால்காரர் அந்த நெரிசலில் சிக்கித் தாமதமாக வந்ததற்கு மன்னிப்புக் கேட்டார். உறையை அங்கேயே பிரித்தேன். மனுதாரரின் ஆழ்துளைக் கிணறு மனுதாரரின் புல எல்லைக்குள்ளேயே அமைந்துள்ளது என்றும், மனு இத்துடன் முடித்து வைக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. பதில் வந்த அன்று மாசி மகம்.